ஓர் ஆறும் மூன்று அதிகாரங்களும்: அமெரிக்காவில் பொதுக்கொள்கை உருவாகும் விதம்

அரசியல் விஞ்ஞானம் பயில்வோர் யாவரும் அறிந்த சொற்றொடர்கள் இரண்டு. ஒன்று 'அதிகாரப் பிரிவினை'. மற்றொன்று 'தடைகளும் சமன்களும்'. அமெரிக்க ஆட்சிமுறை பற்றிய வினா எதுவாயினும் இவ்விரண்டையும் குறிப்பிடாமல் விடையை முடிப்பாரில்லை. ஆயினும், ஒரு பொதுக்கொள்கை பிறந்து, வளர்ந்து, மக்களைச் சென்றடையும் வரை எத்தனை வாயில்களைக் கடக்கிறது என்பதை உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஆராய்ந்தாலன்றி இக்கோட்பாடுகளின் பொருள் விளங்காது. எனவே, 1972-ஆம் ஆண்டின் நீர்த்தூய்மைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அதனை விளக்க முற்படுகின்றேன்.

அடிப்படை அமைப்பு

1787-இல் பிலடெல்பியா நகரில் வரையப்பெற்று, 1789-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் மூன்று விதிகள் முறையே சட்டமன்றம், நிருவாகம், நீதித்துறை ஆகியவற்றைப் பற்றியன. சட்டமன்றமாகிய காங்கிரஸ் இரு அவைகளைக் கொண்டது. செனட் சபையில் மாநிலத்திற்கு இருவராக 100 உறுப்பினர்கள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கேற்ப 435 உறுப்பினர்கள். நிருவாகத்தின் தலைவர் நான்காண்டுப் பதவிக்காலம் உடைய குடியரசுத் தலைவர்.

நம் நாட்டில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் அமர்கிறார். அவையின் பெரும்பான்மையை இழந்தால் அமைச்சரவை வீழ்கிறது. அமெரிக்காவிலோ நிருவாகப் பதவி வகிப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருத்தல் இயலாது. குடியரசுத் தலைவர் ஒரு கட்சியையும், காங்கிரஸின் பெரும்பான்மையினர் வேறொரு கட்சியையும் சார்ந்திருப்பது அங்கே இயல்பு. 1972-இல் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் குடியரசுக் கட்சியினர்; ஈரவைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்தது ஜனநாயகக் கட்சி. இந்நிலையை நினைவிற் கொண்டால்தான் பின்வரும் நிகழ்ச்சிகள் விளங்கும்.

சிக்கல் கொள்கையாக மாறுதல்

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகர் வழியே ஈரி ஏரியில் கலப்பது கயஹோகா ஆறு. 1969 ஜூன் 22-ஆம் நாள் அவ்வாற்றின்மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. அந்த ஆறு தீப்பிடித்தது அதுவே முதன்முறையன்று. ஆனால் இம்முறை நாடே அதைக் கண்டு திடுக்கிட்டது. 1970 ஏப்ரல் 22-இல் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தொடங்கப்பெற்றது.

நெடுநாளாக இருந்துவரும் துன்பம் எல்லாம் கொள்கையாகிவிடுவதில்லை. மக்களின் கவனம், அமைப்புகளின் வற்புறுத்தல், பொறுப்பேற்று முன்நிற்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் அது அரசின் பணிப்பட்டியலில் இடம்பெறுகிறது. இங்கே முன்நின்றவர் மெயின் மாநிலச் செனட்டர் எட்மண்டு மஸ்கி.

அதற்கு முன்பிருந்த முறையில் ஆற்றுநீரின் தரத்தை மாநிலங்கள் வரையறுத்தன. நீர் கெட்டபின், எந்த ஆலையால் கெட்டது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். ஒரே கரையில் பல ஆலைகள் இருக்கையில் அது எளிதன்று. புதிய மசோதா அம்முறையைத் தலைகீழாக மாற்றியது. ஆலையோ நகராட்சியோ குழாய் வழியே கழிவை ஆற்றில் விட வேண்டுமாயின் முன்னதாக உரிமம் பெறுதல் வேண்டும். உரிமமின்றி விடுவதே குற்றம். மேலும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கும் செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும். இதற்கென மூன்று நிதியாண்டுகளுக்கு 500, 600, 700 கோடி டாலர், ஆக மொத்தம் 1,800 கோடி டாலர் குறிக்கப்பட்டது.

ஈரவைகளும் மறுப்பதிகாரமும்

செனட் ஒரு வடிவத்தையும் பிரதிநிதிகள் சபை வேறொரு வடிவத்தையும் நிறைவேற்றின. ஒரே வாசகத்தை ஈரவைகளும் ஏற்றாலன்றி மசோதா குடியரசுத் தலைவரிடம் செல்லாது. ஆகவே, இரண்டின் உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுக்குழு அமர்ந்து பொது வடிவம் ஒன்றைக் கண்டது.

செலவு மிகுதி என்று கூறி, 1972 அக்டோபர் 17-இல் நிக்சன் மசோதாவை மறுத்தார். மறுப்பை முறியடிக்க ஒவ்வோர் அவையிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் வேண்டும். செனட் 52-க்கு 12 என்றும், பிரதிநிதிகள் சபை 247-க்கு 23 என்றும் வாக்களித்தன. தலைவரின் கட்சியினரும் பலர் அவருக்கு எதிராக நின்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அக்டோபர் 18-இல் மசோதா சட்டமாயிற்று.

சட்டமான பின்னும் போராட்டம்

பாடநூல் விளக்கம் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிகிறது. உண்மையான சோதனை இதற்குப் பின்னரே தொடங்கியது என்பது என் கருத்து. முதலாண்டிற்குரிய 500 கோடியில் 200 கோடியும், இரண்டாமாண்டிற்குரிய 600 கோடியில் 300 கோடியும் மட்டுமே பகிர்ந்தளிக்குமாறு நிக்சன் ஆணையிட்டார். காங்கிரஸ் முறியடித்த மறுப்பு, கருவூலத்தின் வழியே மீண்டும் நுழைந்தது! சட்டப் புத்தகத்தில் விதி இருந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பணம் இல்லை.

நியூயார்க் நகரம் வழக்குத் தொடுத்தது. 1975 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் குறித்த தொகையை நிறுத்திவைக்கும் உரிமையை அச்சட்டம் நிருவாகத்திற்கு அளிக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. இதற்கிடையே காங்கிரஸும் வாளாவிருக்கவில்லை. ஒதுக்கிய நிதியைக் குடியரசுத் தலைவர் ரத்துச் செய்ய விரும்பினால் காங்கிரஸின் இசைவைப் பெற வேண்டும். 45 நாள் கூட்டக் காலத்திற்குள் இசைவு கிட்டாவிடில் நிதியை விடுவிக்க வேண்டும் என்னும் சட்டம் 1974 ஜூலையில் வந்தது. அதில் கையொப்பமிட்டவரும் நிக்சனே. அடுத்த மாதம் அவர் பதவி விலகினார்.

நாம் அறிவன

முதலாவது, கொள்கை என்பது சட்டத்தின் வாசகம் மட்டுமன்று. உரிமம் வழங்கும் அலுவலர், பணம் விடுவிக்கும் ஆணை, வழக்குத் தொடுக்கும் நகரம், பொருள் உரைக்கும் நீதிபதி ஆகிய எல்லாம் சேர்ந்ததே கொள்கை. இரண்டாவது, தடைகளும் சமன்களும் தாமே இயங்கும் பொறியல்ல. யாரோ ஒருவர் தடுக்க முன்வர வேண்டும். அதற்குக் காலமும் ஆகும். அந்தக் காலத்திற்கு விலை கொடுப்பவர்கள் தலைவர்களல்லர். ஆற்றங்கரையில் வாழும் மக்களே. இத்தாமதத்தைச் சுட்டி இம்முறையைக் குறைகூறுவோர் உளர். அக்குறை உண்மையே. எனினும், விரைவுக்காக ஒருவரிடமே பணப்பெட்டியையும் ஆணையையும் ஒப்படைப்பதைவிட இத்தாமதம் பொறுக்கத்தக்கது என்பதே என் முடிவு.

1985-க்குள் நீர்நிலைகளில் மாசு விடுவதையே ஒழிப்பது என்ற இச்சட்டத்தின் குறிக்கோள் நிறைவேறவில்லை. ஆனால் கயஹோகா ஆற்றில் மீன்கள் திரும்பியுள்ளன. 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பின் வாயிலாக இச்சட்டம் காக்கும் சதுப்பு நிலங்களின் எல்லையைச் சுருக்கியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வாதம் ஓயவில்லை. மக்களாட்சியில் எந்தக் கொள்கையும் ஒருமுறை வென்றுவிட்டால் போதும் என்று வைத்துவிடத் தக்கதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் காத்து நிற்றல் வேண்டும்.