160 ஜிபியில் 33 எங்கே போனது?

கேள்வி: பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் மாட்டினோம். 127 ஜிபிதான் காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், மஸ்ஜித் தானா

பதில்: கடைக்காரர் பாவம், அவரை விட்டுவிடலாம். தயாரிப்பாளர் எண்ணுவது ஆயிரத்தில், விண்டோஸ் எண்ணுவது 1,024இல். 160 அங்கேயே 149 ஆகிவிடுகிறது, அதற்கு மருந்தில்லை.

மீதி 22 வேறு கதை. பழைய முறையில் டிஸ்க் முகவரிக்கு 28 பிட்தான். 512 பைட் துண்டுகளாக, சுமார் 26.8 கோடிக்கு மேல் எண்ண முடியாது. விண்டோஸ் கணக்கில் 128 ஜிபிக்குள் முடிந்துவிடும். 2002இல் வந்த சர்வீஸ் பேக் 1 அந்தத் தடையை நீக்கியது.

முதலில் டிஸ்கில் உள்ளவற்றை வேறிடத்தில் நகலெடுப்பது நல்லது. பிறகு பயோஸ் முழு அளவைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டினால், சர்வீஸ் பேக் 1, அதன்மேல் 3 போட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கறுப்புப் பட்டையாகத் தெரியும் இடத்தில் புதிய பார்ட்டிஷன் அமைக்கலாம்.