அரை மணி நேரம் எங்கே போனது? – கணினி உட்கருவின் காலக்கணக்கு

1981 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு மணி 11.30 ஆனதும், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேரே 12.00-க்கு நகர்த்தப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக அரசு எடுத்த முடிவு அது. அனைத்துலக நேரத்திற்கு ஏழரை மணி முன்னால் இருந்த நாம், அன்று முதல் எட்டு மணி முன்னால் ஆனோம்.

கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில், அன்றிரவு 11 மணிக்கு வேலைக்கு நுழைந்து காலை 7 மணிக்கு வெளியேறிய ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துச் செக்ரோல் எழுதும் கிராணியார், 'எட்டு மணி நேரம்' என்று குறிப்பார். அவர் உழைத்ததோ ஏழரை மணி நேரம். கடிகாரம் பின்னோக்கி நகர்த்தப்பட்டிருந்தால், அதே கணக்கில் தொழிலாளியின் அரை மணி நேரக் கூலி காணாமற்போயிருக்கும்.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிட்டன. 'இப்போது மணி என்ன?' என்பது ஒன்று. 'எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் பிரித்து வைப்பதே கணினியின் காலக்கணக்கில் முதற்பாடம்.

மூன்று அடுக்குகள்

இயங்குதளத்தின் மையப் பகுதியை உட்கரு என்கிறோம். கெர்னல் என்பது அதன் ஆங்கிலப் பெயர். வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் இடையில் நின்று வேலையைப் பங்கிட்டுத் தரும் மண்டோர் அது. லினக்ஸ் உட்கருவை எடுத்துக்கொண்டால், காலத்தை மூன்று அடுக்குகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, உள்ளூர் நேரம். இது சட்டத்தால் மாறுவது. நம் நாட்டிலேயே 1905-இல் ஏழு மணி, 1933-இல் கூடுதலாக 20 நிமிடம், 1941-இல் ஏழரை மணி, ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோவின் ஒன்பது மணி, 1945-இல் மீண்டும் ஏழரை, 1982-இல் எட்டு எனப் பலமுறை மாறியிருக்கிறது. இந்த வரலாறு உட்கருவுக்குள் இல்லை. நேர மண்டலத் தரவுத்தளம் என்ற தனிக்கோப்பில் இருக்கிறது. அரசு நேரத்தை மாற்றினால் அந்தக் கோப்பைப் புதுப்பித்தால் போதும்.

இரண்டாவது, அனைத்துலக நேரம். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடிகள் ஆயின என்று உட்கரு எண்ணி வைப்பது இது. இதையும் நிர்வாகி திருத்தலாம். இணையம் வழியாகவும் திருத்தம் வரலாம்.

மூன்றாவது, ஒருபோதும் பின்னோக்கிச் செல்லாத ஓட்டக் கடிகாரம். தேதி தெரியாத இதற்கு, கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம் மட்டுமே தெரியும்.

தானியங்கிக் கதவு ஒன்றை 30 வினாடி கழித்து மூடச் சொல்லி நிரல் எழுதுகிறோம் என்க. மூட வேண்டிய வேளையை இரண்டாவது கடிகாரத்தில் குறித்து வைத்தால், இடையில் யாரேனும் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும்போது கதவு ஒரு மணி நேரத்திற்கு மேல் திறந்தே கிடக்கும். மூன்றாவதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. தோட்டத்தில் பெரட்டு மணியை நிர்வாகம் மாற்றலாம். மரத்தில் பால் வடியும் நேரத்தை மாற்ற முடியாது.

துடிப்பும் சுற்றும்

பழைய லினக்ஸ் உட்கரு, வினாடிக்கு 100 முறை அடிக்கும் துடிப்பை எண்ணியே காலம் கணித்தது. எனவே பத்து மில்லிவினாடிக்குக் குறைவான காத்திருப்பை அது துல்லியமாகத் தர இயலவில்லை. 2003-இல் வந்த 2.6 பதிப்பு இதைப் பொதுவான தனிநபர் கணினிகளில் 1,000 ஆக்கியது. துல்லியம் கூடியது, ஆனால் சும்மா இருக்கும் கணினியும் அடிக்கடி விழித்துக்கொண்டு மின்சாரத்தை வீணாக்கியது. 2006-இல் தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் நுண்துல்லிய நேரங்காட்டிகளும், ஜான் ஸ்டல்ட்ஸின் புதிய காலக்கணக்கு அமைப்பும் சேர்ந்தன. 2007-இல், வேலை இல்லாதபோது துடிப்பையே நிறுத்தி வைக்கும் முறை வந்தது.

துடிப்பை எண்ணும் 32 பிட் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. வினாடிக்கு 1,000 என்றால் 49.7 நாளில் அது நிரம்பி மீண்டும் பூச்சியத்திற்கு வரும். கடிகாரத்தில் 12-க்குப் பின் 1 வருவதைப் போன்றது இது. '1 சிறியது, ஆகவே முந்தியது' என்று ஒப்பிட்டால் பிழை. இடைவெளியைக் கணக்கிட்டால் சரி. இப்பிழையைச் சீக்கிரம் வெளிக்கொணர, லினக்ஸ் ஒரு வழி செய்திருக்கிறது. எண்ணிக்கையைப் பூச்சியத்தில் தொடங்காமல், நிரம்புவதற்கு ஐந்து நிமிடத்திற்கு முன்னால் தொடங்குகிறது. தவறான நிரல் 50 நாள் கழித்து ஆலையில் நிற்பதற்குப் பதில், ஐந்தாம் நிமிடமே சோதனை மேசையில் நின்றுவிடும்!

ஒரு வினாடி செய்த கலகம்

2012 ஜூலை 1-ஆம் நாள் காலை, நம் நேரப்படி எட்டு மணிக்குச் சற்று முன், உலக நேரத்தில் ஒரு வினாடி கூட்டப்பட்டது. பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்கச் செய்யப்படும் திருத்தம் இது. உட்கரு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. ஆனால் அச்செய்தியை நுண்துல்லிய நேரங்காட்டிகளுக்குச் சொல்லவில்லை. அவை ஒரு வினாடி முன்னால் ஓடின. ஒரு வினாடிக்கும் குறைவாகக் காத்திருக்க வேண்டிய நிரல்கள் காத்திராமல் உடனே விழித்து, மீண்டும் மீண்டும் சுழன்றன. பல வழங்கிக் கணினிகள் திணறின. ரெட்டிட் தளம் தடுமாறியது. தேதியை மறுபடி ஒருமுறை பதித்ததும் பல கணினிகள் சரியாயின.

நம் தலைமுறைக்கு வரும் வேலை

அடுத்த எல்லை 2038 ஜனவரி 19. வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவிகளில், மலேசிய நேரம் காலை 11:14:07-க்குப் பின் எண்ணிக்கை நிரம்பி, தேதி 1901-க்குத் தாவும். ஆர்ன்ட் பெர்க்மன் முதலியோரின் பல்லாண்டு உழைப்பால், 2020-இல் வெளிவந்த லினக்ஸ் 5.6, 32 பிட் கணினிகளிலும் 2038-ஐத் தாண்டும் திறன் பெற்றது. ஆனால் உட்கரு மட்டும் மாறினால் போதாது. நிரல் நூலகங்களும், அவற்றை நம்பிய நிரல்களும், சேமித்து வைத்த கோப்புகளும் மாற வேண்டும். வருகைப்பதிவுக் கருவி, ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கதவுப் பூட்டு போன்றவை, ஒருமுறை பொருத்திய பின் புதுப்பிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் ஓடுபவை.

தோட்டத்தை விட்டுப் புக்கிட் செந்தோசா போன்ற தாமான்களுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கணினித்துறையில் பயில்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிரல் எழுதும்போது, கேட்கப்படுவது 'மணி என்ன' என்பதா, 'எவ்வளவு நேரம்' என்பதா என்று முதலில் கேளுங்கள். தேதியைச் சேமிக்கும் இடம் 64 பிட்டா என்று பாருங்கள். சோதனைக் கணினியின் தேதியை 2038-க்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செக்ரோலை இன்று எழுதுவது கிராணியார் அல்லர், நிரல்தான். அதில் கணக்குத் தவறினால், குறைவது ஒருவருடைய கூலி.