முகப்பரு

உடலில் தோன்றும் குறைகளுள் சில, உயிருக்கு ஊறு செய்யாவிடினும் உள்ளத்தைப் பெரிதும் வருத்துவன. அவற்றுள் ஒன்று முகப்பரு. கையில் தோன்றும் கட்டியை ஆடையால் மறைக்கலாம். முகத்தில் தோன்றும் பருவை எதனால் மறைப்பது? காண்போர் முதலில் காண்பது முகத்தையன்றோ! அதனால்தான், சிறியதொரு பரு இளையோர் உள்ளத்தில் பெரியதொரு சுமையாகிவிடுகின்றது.

கல்லூரியில் பயின்ற இளைஞன் ஒருவனுக்கு 19-ஆம் வயதில் நெற்றியிலும் கன்னங்களிலும் பருக்கள் நிறைந்தன. உடன் பயின்றோர் சிலர் அவனைப் 'பலாப்பழம்' என்று அழைத்து நகையாடினர். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். ஆயின், அறைக்கு வந்ததும் கண்ணாடியைச் சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்தான். அழுக்கினாலேயே பரு வருகின்றது என்று எண்ணி, நாளொன்றுக்கு ஏழெட்டு முறை சோப்பினால் முகத்தைத் தேய்த்துக் கழுவினான். பருக்களை நகத்தால் கிள்ளினான். பயன் இல்லை. பின்னர், நண்பன் ஒருவன் சொற்கேட்டு, மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கிப் பூசினான். சில நாளில் முகம் வெளுத்துப் பொலிவுற்றது. அவன் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. ஆயின், இரண்டு திங்கள் கழித்துக் களிம்பை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. பருக்கள் முன்னிலும் மிகுந்தன. வகுப்பினர் அனைவரும் ஆண்டிறுதியில் நிழற்படம் எடுத்துக்கொண்ட நாளன்று, காய்ச்சல் என்று பொய் கூறி அவன் அறையிலேயே இருந்துவிட்டான்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது, அவன் தமக்கை அவனைத் தோல்நோய் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றாள். அவன் முகத்தை உற்று நோக்கிய மருத்துவர், "தம்பி, இது நீ செய்த குற்றத்தால் வந்ததன்று, முதலில் அதனைத் தெரிந்துகொள்" என்றார். அச்சொல்லைக் கேட்டதும் இளைஞனின் கண்கள் கலங்கின. மருத்துவர் மேலும் விளக்கலானார்.

"தோலில் உள்ள மயிர்க்கால்களை அடுத்துச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் எண்ணெய், தோல் வறண்டு போகாமல் காக்கின்றது. பருவம் எய்துங்கால் ஹார்மோன்கள் எனப்படும் உட்சுரப்பு நீர்கள் சில உடலில் மிகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் எண்ணெய் அளவுக்கு மேல் சுரக்கின்றது. உதிர வேண்டிய தோலணுக்கள் அவ்வெண்ணெயோடு கூடி மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், இயல்பாகவே தோலில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அழற்சி உண்டாகின்றது. இதுவே பரு. முகத்தில் காணும் கரும்புள்ளிகளும் அழுக்கு அல்ல. அடைப்பில் உள்ள பொருள் காற்றுப் பட்டுக் கறுப்பதே அது. 12 முதல் 24 வயது வரையுள்ளோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் எப்போதேனும் இதற்கு ஆளாகின்றனர் என மருத்துவ நூலோர் கூறுவர். பெற்றோர்க்கு இருந்திருப்பின் பிள்ளைகளுக்கும் வருதல் உண்டு."

"அந்தக் களிம்பு முதலில் நன்மை செய்ததே, ஐயா?" என்று இளைஞன் வினவினான்.

"அதில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்துள்ளது. அது அழற்சியைச் சில நாள் அடக்கிவைக்கும். நாளடைவில் தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் நோய் சீறி எழும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்தது. அவ்விதி நம்மைக் காக்க வேண்டுமாயின், நாமும் அறிந்து நடத்தல் வேண்டும்" என்றார் மருத்துவர்.

பின்னர் அவர் சில நெறிகளைக் கூறினார். மென்மையான சோப்பினால் நாள்தோறும் இரு முறை முகம் கழுவினால் போதும். மிகுதியாகத் தேய்த்தல் அழற்சியை வளர்க்கும். பருவைக் கிள்ளுதல் கூடாது. கிள்ளினால் புண் ஆழ்ந்து வடு நிலைத்துவிடும். தலையில் தடவும் எண்ணெய் நெற்றியில் வழியலாகாது. இனிப்பு மிகுந்த உணவு சிலருக்குப் பருவை மிகுவிக்கும். அதனைக் குறைத்தல் நன்று. பென்சாயில் பெராக்சைடு, வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த களிம்புகள் ஆகியவை பருவுக்கு ஏற்ற மருந்துகள். கடுமையான பருவுக்கு உள்ளுக்கு உண்ணும் மருந்துகளும் உள. அவற்றை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ணல் வேண்டும்.

"எத்தனை நாளில் குணமாகும்?" என்று இளைஞன் ஆவலோடு கேட்டான். மருத்துவர் புன்முறுவல் பூத்தார். "நாற்று நட்ட மறுநாளே கதிரைத் தேடும் உழவன் உண்டா? குறுவை நெல்லுக்கும் மூன்று திங்களுக்கு மேல் வேண்டுமே! இம்மருந்துக்கும் இரண்டு மூன்று திங்கள் கொடு" என்றார்.

இளைஞன் அவ்வாறே செய்தான். முதல் திங்களில் தோல் வறண்டு உரிந்தது, பருக்கள் குறையவில்லை. மருந்தை எறிந்துவிட எண்ணினான். தமக்கை அவனைத் தேற்றினாள். மருத்துவரும் மருந்தின் அளவைத் திருத்திக் கொடுத்தார். மூன்றாம் திங்களில் பருக்கள் பெரும்பாலும் தணிந்தன. முன்பு கிள்ளிய இடங்களில் மட்டும் வடுக்கள் எஞ்சின. அடுத்த ஆண்டு நிழற்படத்தில் அவன் நண்பர்களோடு நின்றான். அப்போதும் அவன் கன்னத்தில் இரண்டொரு பருக்கள் இருந்தன. அவற்றை அவன் பொருட்படுத்தவில்லை. ஆயின், முதலாண்டுப் படத்தில் அவன் இல்லை. அப்படத்தை இனி எவரும் மீண்டும் எடுத்தல் இயலாது.

அவ்விழப்பு பருவினால் மட்டும் வந்ததன்று. அறியாமையாலும் நாணத்தாலும் வந்தது. உடன் பயின்றோர் நகைப்பாலும் வந்தது. ஆதலின், பரு உடையோர் அதனை மறைத்து மனம் புழுங்காமல், தக்க மருத்துவரை நாடிப் பொறுமையோடு மருந்து கொள்ளல் வேண்டும். பரு இல்லாதோர்க்கும் ஒரு கடமை உண்டு. தோலில் விழும் வடுவைக் குறைக்க மருத்துவம் உண்டு. பிறர் உள்ளத்தில் நம் சொல் வடுவை உண்டாக்காமல் காப்பது நம் கையிலேயே உள்ளது.