விளைநிலத்திற் காபன் வைப்பு: வரவும் செலவும்

உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஏரோட்டுதலிலும் எருவிடுதலை உயர்த்திச் சொன்னார். அதன் உண்மையை நம் முன்னோர் ஆய்வுகூடத்திற் கண்டாரல்லர். பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்திலே தாழ்த்தும்போது கண்டறிந்தனர். இன்று அச்செயலுக்கு உலக அரங்கிலே புதியதொரு பெயர் வழங்குகின்றது. அதுவே 'காபன் வைப்பு' என்பது. புகையினால் வானிலே மிகுந்துவிட்ட காபனை விளைநிலங்களில் இறக்கி வைக்கலாமென்றும், அவ்வாறு வைக்கும் உழவனுக்குப் பணம் கிடைக்குமென்றும் பலர் கூறுகின்றனர். இக்கூற்றில் மெய் எத்துணை, மிகை எத்துணை என்று கணக்கிட்டுக் காண்பதே நம் நோக்கமாகும்.

முதலில் இது நிகழுமாற்றை நோக்குவோம். பயிரானது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இலையால் ஏற்று, ஞாயிற்றொளியின் துணைகொண்டு தன் உடலாக்குகின்றது. அவ்வுடல் வேராயும் சருகாயும் எருவாயும் மண்ணை அடைகின்றது. ஆங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை உண்டு, பெரும்பகுதியைக் காபனீரொட்சைட்டாகவே திரும்ப வெளிவிடுகின்றன. எஞ்சிய சிறுபகுதி களித் துணிக்கைகளோடு பற்றி உக்கலாக நிலைக்கின்றது. ஆதலின் மண் பூட்டி வைத்த பெட்டகம் அன்று. நீர் வந்தும் வடிந்தும் கொண்டிருக்கும் குளத்தையே ஒக்கும். வரத்து மிகுந்தால் மட்டம் உயரும். வரத்து நின்றால் மட்டம் தாழும்.

உலக மண்ணிலே ஒரு மீற்றர் ஆழத்துள் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் உண்டு. வளிமண்டலம் முழுவதிலும் உள்ளதினும் இது மிகுதியாகும். பயிர்ச்செய்கையும் மேய்ச்சலும் தொடங்கிய நாள்முதல் மண் இழந்த காபன் 100 பில்லியன் தொன்னுக்கு மேற்பட்டதென 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. இழந்ததில் ஒரு பங்கையேனும் மீட்கலாம் என்னும் நம்பிக்கையால், 2015இற் பாரிஸ் மாநகரிற் கூடிய காலநிலை மாநாட்டின்போது பிரான்சு நாடு 'ஆயிரத்துக்கு நான்கு' என்னும் முயற்சியைத் தொடக்கியது. மண்ணின் காபனை ஆண்டுதோறும் ஆயிரத்தில் நான்கு பங்கு உயர்த்துவதே அதன் குறிக்கோள்.

இதற்குச் சான்று தேடுவார் இங்கிலாந்திலுள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தை நாடுதல் வேண்டும். 1843இல் லோஸ், கில்பேட் என்னும் அறிஞர் இருவர் ஆங்கு ஒரு கோதுமை வயலிற் பரிசோதனை தொடங்கினர். அது இன்றும் நடைபெறுகின்றது. அவ்வயலில் ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் வீதம் தொழுவெரு இடப்பட்டது. எருவே இடாத துண்டினும் அதிற் காபன் இருமடங்குக்கு மேலாகப் பெருகியது. ஆயினும் அப்பெருக்கம் தொடக்கத்தில் விரைந்தும், பின்னர் மெலிந்தும், இறுதியில் நின்றுவிடும் நிலையை அடைந்தது. குளம் நிரம்பியபின் மட்டம் உயர்வதில்லை. அயலிலுள்ள வாற்கோதுமை வயலில் ஒரு துண்டு 1852 முதல் 1871 வரை எருப் பெற்றுப் பின்னர் அதனை இழந்தது. சேர்ந்த காபனிற் பெரும்பகுதி மெல்ல மெல்ல நீங்கியது. எனினும் நூறாண்டு கழிந்தும் அதன் சுவடு அழியவில்லை.

இனி, நம் நிலத்துக்கு இக்கணக்கைப் பொருத்துவோம். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 40 பரப்பாகும். அதன் மேல் 20 சென்ரிமீற்றர் மண் 2,500 தொன் நிறையுடையதென்றும், அதில் நூற்றுக்கு ஒரு பங்கு காபன் என்றும் கொண்டால், ஹெக்டேயரில் 25 தொன்னும், ஒரு பரப்பில் 625 கிலோவும் காபன் இருக்கும். ஆயிரத்துக்கு நான்கு வீதம் உயர்த்தினால் ஒரு பரப்பு ஓராண்டிற் சேர்ப்பது 2½ கிலோ காபன். அஃதாவது வானிலிருந்து இறக்கியது ஏறத்தாழ 9 கிலோ காபனீரொட்சைட்டு. நான்கு லீற்றர் பெற்றோலை எரித்தால் அவ்வளவும் திரும்ப வானேறிவிடும். தொன் ஒன்றுக்கு 20 அமெரிக்க டொலர் விலை வைத்தாலும், ஒரு பரப்பின் ஆண்டு வருவாய் 20 சதத்தைத் தொடாது. அச்சிறு உயர்வை அளந்து காட்டுவதற்கு மண் பரிசோதிக்கும் செலவோ அதனினும் பன்மடங்கு.

செலவு இம்மட்டில் அமையவில்லை. உக்கலில் 12 பங்கு காபனோடு ஏறத்தாழ ஒரு பங்கு நைதரசன் சேர்ந்தே இருக்கும். ஒரு தொன் காபனை நிலைக்கச் செய்வதற்கு 80 கிலோவுக்கு மேற்பட்ட நைதரசன் வேண்டும். அது மூன்றரை மூடை யூரியாவிலுள்ள அளவு. அளவு மிஞ்சி இட்டாலோ, காபனீரொட்சைட்டினும் 270 மடங்குக்கு மேல் வெம்மை தரும் நைதரசு ஒட்சைட்டு எழும். சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த நம் குடாநாட்டிலே நைத்திரேற்று கிணற்று நீரிலும் இறங்கும். ஒரு வயலுக்கு ஏற்றிய எரு மற்றொரு வயலுக்குக் கிட்டாத எருவென்பதையும் மறத்தலாகாது. இங்கிலாந்தின் குளிரிலே தங்கும் உக்கல், நம் வெயிலிலே விரைந்து கரையும். 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அதனைத் தளர்த்த நேர்ந்ததும் நமக்கு ஒரு பாடமாகும். பல்லாண்டு முயன்று பெறும் மண்வளத்தை ஒரு போகத்திற் கட்டளையிட்டுப் பெறுதல் இயலாது.

அங்ஙனமாயின் காபன் வைப்பு வீணோ? அன்று. உக்கல் மிகுந்த மண் மழைநீரைத் தாங்கும், பசளையைப் பிடித்து வைக்கும், உழுவதற்கு இளகும். ஆகவே இதன் முதற் பயன் உழவனுக்கும் அவன் பயிருக்குமே உரியது. வானுக்கு ஆகும் நன்மை அதன் உடன்விளைவு. இம்முறையை மாற்றி, தொலைவிலுள்ள ஆலைகளின் புகைக்குப் பிராயச்சித்தமாக உழவனின் மண்ணைக் காட்டுதல் நீதியன்று. அவுஸ்திரேலியாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், சேர்த்த காபனை விற்போர் 25 அல்லது 100 ஆண்டு அதனைக் காத்தல் வேண்டுமென விதிக்கின்றது. தந்தை கொடுத்த வாக்கு மைந்தனையும் பிணிக்கும். ஆண்டுக் குத்தகைக்கு நிலம் செய்வோன் அத்தகைய வாக்கை எங்ஙனம் அளிப்பான்?

இவ்விடத்தில் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். கடல் கடந்தும் கொழும்பிலும் வாழ்வோருட் பலர்க்கு ஊரிலே சில பரப்பு நிலம் உண்டு. அதனை ஆண்டுக்கொருமுறை குத்தகை மாற்றிக் கொடுப்பின், வருங்காலத்துக்கென எருவிட எவரும் துணியார். தாம் இட்டதன் பயனைப் பிறர் கொள்வர் என்னும் அச்சம் இயல்பே. ஐந்தாண்டோ பத்தாண்டோ ஒருவரிடமே நிலத்தை விடுதலும், வேலியிலே சீமைக்கிளுவையும் பூவரசும் நிற்க இசைதலும், பணச்செலவில்லாத பேருதவிகளாகும். மாணவர்களே, முற்றத்திற் கூட்டிய சருகை நெருப்புக்கு இடாது தென்னையடியிலே தாழ்த்துங்கள். அதனால் உலக வெப்பம் உடனே தணிந்துவிடாது. ஆயினும் அடுத்த மாரிமழையை அம்மண் சிறிது கூடுதலாகத் தாங்கிக்கொள்ளும். கல்வியும் அத்தகையதே. இட்ட நாளிற் பயன் தெரியாது. இட்டவர் மறைந்த பின்னரும் அதன் வளம் மண்ணில் இருக்கும்.