செம்பருத்தியில் மாவுப்பூச்சியா?

மொட்டு விரியாமல் உதிர்கிறதா, கொழுந்து சுருண்டு நிற்கிறதா? இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரமும் மொட்டின் காம்படியிலும் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சிதான்.

மருந்தைத் தேடி ஓட வேண்டாம். அதிகம் தாக்கிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்; செடியடியில் போட்டால் திரும்ப ஏறிவிடும். மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீரும்.

பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு சேராது. முட்டைகள் பொரிந்து வருமாதலால் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். பூவின் மேல் அடிக்காதீர்கள், தேனீ வரும்.

எறும்பையும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளைகளை வெட்டி அதன் வழியை அடையுங்கள்.

முக்கியமான ஒன்று: மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு விறுவிறுவென நகரும் புழு தென்பட்டால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. அது இருக்கும் கிளையில் எதையும் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.