ஆகாயத்தில் ஒரு மணி, ஆக மொத்தம் எத்தனை மணி?

"சென்னையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மதுரை" என்ற பேச்சு நம் குமணன்சாவடி கடைத்தெருவிலும் அடிபடுகிறது. விருதுநகரில் பருப்பும் வத்தலும் கொள்முதல் செய்கிற நாம் இந்தக் கணக்கைத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தூரம். மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 416 கி.மீ. சாலையில் 450 கி.மீ.க்குக் குறையாது. எழும்பூரிலிருந்து ரயில் பாதையில் 493 கி.மீ. விமானக்காரர்கள் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

அடுத்தது நேரம். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கும். அப்படியானால் 416 கி.மீ.க்கு அரை மணி போதுமே, அட்டவணையில் ஏன் ஒன்றே கால் மணி என்று கேட்கலாம். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், மறு ஊரில் வந்து நிற்பது வரை அட்டவணைக் கணக்கில் சேரும். ஓடுபாதையில் முறை வர வேண்டும். மேலே ஏற வேண்டும். கீழே இறங்க வேண்டும். குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

இனி நம் கணக்கு:

குமணன்சாவடி – மீனம்பாக்கம், போரூர் நெரிசலோடு: 1 மணி
விமான நிலையத்தில் காத்திருப்பு: 1½ மணி
விமானப் பயணம்: 1¼ மணி
இறங்கி வெளியே வர: ½ மணி
மதுரை விமான நிலையம் – விருதுநகர், காரில்: 1 மணி
ஆக மொத்தம்: 5¼ மணி

இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் விருதுநகர். கடையிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். ஆனால் அதில் பெரும்பகுதி நாம் தூங்கும் நேரம். விமானம் எடுத்துக்கொள்வதோ கல்லாவில் உட்காரும் நேரம்.

இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில வருஷங்களுக்கு முன் உளுந்து 100 மூட்டைக்கு விலை பேசி வைத்து, சரக்கைப் பார்த்து முடிக்கக் காலை விமானத்தில் புறப்பட்டோம். மார்கழிப் பனியில் விமானம் மூன்று மணி தாமதம். நாம் மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் சரக்கு வேறு கைக்குப் போய்விட்டது. மூட்டைக்கு 80 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறு சரக்கு எடுத்தோம். 8,000 ரூபாய் நஷ்டம். டிக்கெட் காசு தனி.

அதற்காக விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்பது இப்போது நம் வழக்கம். போகையில் தாமதமானால் பேரம் போய்விடும். வருகையில் தாமதமானால் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவுதான். மதியத்தோடு மண்டி வேலையை முடித்தால் இரவுக் கணக்குக்குக் கடைக்கு வந்துவிடலாம்.

சாம்பிள் கொண்டு வருவோர் ஒன்றைக் கவனிக்கவும். கொப்பரையை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்கு அது.

ஆகவே டிக்கெட் எடுக்குமுன், நம் கடை வாசலிலிருந்து மண்டி வாசல் வரை மொத்த நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிப் பாருங்கள். கொள்முதல் விலையில் வண்டி வாடகையைச் சேர்க்கிற நாம், நம் நேரத்தையும் சேர்க்க வேண்டாமா?