ஆடியோ ஃபைல் திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் இந்த 7 படிகள்

தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைத் தேடிப் போய், இரண்டு மணி நேரம் பேசவைத்துப் போனில் பதிவு செய்து வருகிறீர்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றி எடிட்டிங் மென்பொருளில் திறந்தால், 'இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. எழுபதைத் தாண்டிய மனிதரிடம் திரும்பப் போய், "ஐயா, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க யாருக்கு மனம் வரும்? கேட்டாலும் அந்தப் பேச்சு அதே சூட்டோடு திரும்ப வராது.

பதற வேண்டாம். திறக்க மறுக்கும் ஃபைல்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. மென்பொருளுக்குத் தெரியாத வடிவத்தில் இருப்பவை. பதற்றத்தில் மெமரி கார்டை ஃபார்மேட் செய்வதுதான் நல்ல பதிவையும் கெடுத்துவிடுகிறது. கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்யுங்கள். பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியை வைத்து விளக்குகிறேன்.

படி 1: முதலில் நகல்

மூல ஃபைலைத் தொடாதீர்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஒரு தனி ஃபோல்டருக்கு நகலெடுத்து, இனிச் செய்யும் எல்லாவற்றையும் நகலில் மட்டும் செய்யுங்கள். மெமரி கார்டைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால், 'வேண்டாம்' என்பதே பதில். அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதியவும் கூடாது. அழிந்த பதிவு இருந்த இடத்தில் புதியது எழுதப்பட்டால் பழையதை மீட்க வழியில்லை.

படி 2: விஎல்சியில் ஒலிக்கிறதா?

விஎல்சி பிளேயர் ஏறக்குறைய எல்லா வடிவங்களையும் வாசிக்கும். நகலை அதில் போட்டுப் பாருங்கள். ஒலித்தால், உங்கள் பதிவு பத்திரமாக இருக்கிறது. சிக்கல் எடிட்டிங் மென்பொருளின் பக்கம். நேராகப் படி 4-க்குப் போங்கள். ஒலிக்கவில்லை என்றால் அடுத்த படி.

படி 3: ஃபைலின் அளவைப் பாருங்கள்

ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். சிடி தரத்தில் பதிந்த ஸ்டீரியோ வேவ் ஃபைல் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும்; மோனோ என்றால் அதில் பாதி. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. ஒரு மணி நேரப் பேச்சு சில கேபி மட்டுமே இருந்தால், பதிவு முழுமையாக வந்து சேரவில்லை என்று பொருள். பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியிருக்கலாம்; டவுன்லோடு நடுவில் நின்றிருக்கலாம்; கிளவுடில் வைத்த ஃபைலின் வெறும் அடையாளம் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கலாம். மூலத்திலிருந்து மறுபடியும் நகலெடுத்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

படி 4: உள்ளே இருப்பது என்ன?

பெயரின் கடைசியில் எம்பி3 என்று இருப்பதால் உள்ளே இருப்பதும் எம்பி3 ஆகிவிடாது. டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருக்கும் உப்பு இனிக்குமா? பெயரை மாற்றினால் வடிவம் மாறாது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலைப் போட்டால், வடிவம், நீளம், சாம்பிள் ரேட் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பொதுவாக, ஐபோனின் வாய்ஸ் மெமோ எம்4ஏ. வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ். பழைய போன்களின் குரல் பதிவு ஏஎம்ஆர். இந்தக் கடைசி வடிவம் போன் பேச்சுக்காக உருவானது. சாம்பிள் ரேட் 8,000 ஹெர்ட்ஸ்தான். அதில் பதிந்த பாட்டு திறந்தாலும் தொலைபேசியில் கேட்பது போலத்தான் ஒலிக்கும். அது ஃபைலின் பழுதல்ல.

கடையில் வாங்கிய சில ஒலிப்புத்தகங்களும் பழைய எம்4பி பாடல்களும் உரிமப் பூட்டோடு வருபவை. அவற்றை எடிட்டிங் மென்பொருள் திறக்காது.

படி 5: மென்பொருளுக்குப் புரியவையுங்கள்

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எஃப்எஃப்எம்பெக் நிறுவுவது. வேவ், எம்பி3, ஃப்ளாக் போன்றவற்றை ஆடாசிட்டி தானாகவே திறக்கும். விண்டோஸில் எம்4ஏ, ஏஎம்ஆர், டபிள்யூஎம்ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகம் வேண்டும். 64 பிட் ஆடாசிட்டிக்கு 64 பிட் எஃப்எஃப்எம்பெக்தான் பொருந்தும். நிறுவிய பின் ஆடாசிட்டியை மூடித் திறங்கள். அப்போதும் கண்டுகொள்ளாவிட்டால், 'எடிட்', 'ப்ரிஃபரன்ஸஸ்', 'லைப்ரரீஸ்' என்று போய் அது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

இரண்டாவது வழி, வேவ் ஆக மாற்றுவது. விஎல்சியில் 'மீடியா' மெனுவில் 'கன்வர்ட் / சேவ்' எடுத்து, ஃபைலைச் சேர்த்து, ப்ரொஃபைலில் 'ஆடியோ – சிடி' தேர்ந்தெடுங்கள். எம்பி3 ஆக மாற்றாதீர்கள். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை இன்னொரு முறை சுருக்கினால் தரம் குறையும்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால், நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு வேவ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் மென்பொருளைப் புதுப்பிப்பதே தீர்வு.

படி 6: ப்ராஜெக்ட் ஃபைலா என்று பாருங்கள்

ஃபைல் நண்பர் அனுப்பியது என்றால், அது ஆடியோவாக இல்லாமல் ஆடாசிட்டியின் ப்ராஜெக்டாகவும் இருக்கலாம். 2021-இல் வந்த ஆடாசிட்டி 3.0 முதல், ப்ராஜெக்ட் முழுவதும் ஏயுபி3 என்ற ஒரே ஃபைலில் சேமிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய ஏயுபி வடிவத்தில் ஒலி தனியே 'டேட்டா' ஃபோல்டரில் இருக்கும். ஏயுபி ஃபைலில் இருப்பது வெறும் குறிப்புகள். அந்த ஃபோல்டர் வராமல் ஒலி வராது. அனுப்பியவரிடம், "ப்ராஜெக்ட் வேண்டாம், வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்க" என்று கேட்பதே சுலபம்.

படி 7: உண்மையிலேயே உடைந்திருந்தால்

அளவு சரியாக இருந்தும் விஎல்சியிலும் ஒலிக்கவில்லை என்றால், ஒலி உள்ளே இருக்கிறது, அதைப் பற்றிய குறிப்புதான் சிதைந்திருக்கிறது என்று நம்ப இடமுண்டு.

வேவ் ஃபைல்: இதில் முன்னால் ஒரு சிறு தலைப்புப் பகுதி இருக்கும், வழக்கமாக 44 பைட். மீதியெல்லாம் சுருக்கப்படாத ஒலி. ஆடாசிட்டியில் 'ஃபைல்', 'இம்போர்ட்', 'ரா டேட்டா' எடுங்கள். 'சைன்ட் 16 பிட் பிசிஎம்', 'லிட்டில் எண்டியன்', தொடக்கம் 44 பைட், 44,100 ஹெர்ட்ஸ் என்று கொடுத்து, பதிவுக்கு ஏற்ப மோனோ அல்லது ஸ்டீரியோ தேர்ந்தெடுங்கள். குரல் கீச்சென்று வேகமாக ஓடினால் சாம்பிள் ரேட்டைக் குறையுங்கள், இழுத்தால் கூட்டுங்கள். ஸ்டீரியோவை மோனோ என்று கொடுத்தாலும் பாதி வேகத்தில் இழுக்கும். வெறும் இரைச்சல் மட்டும் வந்தால் தொடக்கத்தை ஒரு பைட் தள்ளியோ, 24 பிட் என்று மாற்றியோ முயலுங்கள். சுருக்கப்பட்ட எம்பி3, எம்4ஏ ஃபைல்களுக்கு இந்த வழி உதவாது; இரைச்சல்தான் வரும்.

எம்4ஏ ஃபைல்: எந்த ஒலித்துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல போன்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. நடுவில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால் ஒலி இருக்கும், அட்டவணை இருக்காது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே போனில், அதே செயலியில், அதே அமைப்பில் பதிந்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்து இதைச் சீராக்க முயலும். அதனால் அந்த போனை விற்பதற்கு முன், ஒரு நிமிட மாதிரிப் பதிவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கு

பதிவுக்கு உட்காரும்முன் போனை முழுதாகச் சார்ஜ் செய்து, ஏர்பிளேன் மோடில் போடுங்கள். சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. சிடி தர ஸ்டீரியோவில் அது ஏறக்குறைய 6 மணி 45 நிமிடம். ஆகவே நீண்ட பதிவைப் பகுதி பகுதியாக எடுங்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தி, ஃபைல் சேமிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே போனைப் பையில் வையுங்கள். பேசியவரின் வீட்டுத் திண்ணையிலேயே தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள். அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.

வீட்டுப் பெரியவர்களின் குரல் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும். அதை இன்றே திறந்து பார்த்து, வேறோர் இடத்திலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.